பத்துக்கு ஐந்து: கணிதக் கல்வியில் முனைவர் ஆய்வு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணிதத்தில் முதுகலை முடித்து ஒன்பது ஆண்டுகளாகப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கணினி வகுப்பும் என் தலையில்தான். கணிதக் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. தலைப்பும் யோசித்துவிட்டேன்: ‘வடிவியல் மென்பொருள் வழிக் கற்பித்தல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் அடைவில் ஏற்படுத்தும் விளைவு’. ஒரு பிரிவில் 30 பேருக்கு மென்பொருளோடு பாடம், இன்னொரு பிரிவில் 30 பேருக்கு வழக்கம்போல். முன்தேர்வு, பின்தேர்வு, பிறகு இரு பிரிவுகளின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. இது போதுமா? இதைவிட, சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து 300 பேரிடம் கொடுப்பது சுலபம் என்கிறார் ஒரு நண்பர். கல்வியியல் பக்கம் போனால் படித்த கணிதம் வீண் என்கிறார் இன்னொருவர். வழி சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

இரண்டாவது நண்பரின் கவலையை முதலில் தள்ளிவைப்போம். கணிதம் வீணாகாது. மாணவர் எங்கே சறுக்குகிறார் என்று சொல்ல வேண்டுமானால் அந்த இடத்துக் கணிதம் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும். பாட அறிவு, கற்பிக்கும் முறை இரண்டுக்கும் நடுவே ஆசிரியருக்கென்று ஒரு தனி அறிவு இருக்கிறது, எந்த எடுத்துக்காட்டு எடுபடும், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம் என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். ஒன்பது ஆண்டுகளில் அந்த அறிவு உங்களிடம் சேர்ந்திருக்கும். உங்கள் தலைப்பு அதைத் தொடவே இல்லை என்பதுதான் என் குறை.

நீங்கள் சொன்ன ஆய்வு வடிவம் மிகப் பழகிய அச்சு. அதில் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை எண்ணிக்கையில். 60 மாணவர்கள் என்கிறீர்கள். டி-சோதனை அந்த 60 பேரையும் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படியல்ல. ஆசிரியர் ஒருவர், கால அட்டவணை ஒன்று, மழைக்கு விடுமுறை விட்டால் எல்லாருக்கும் ஒரே பாடம் போகும். அவர்கள் மதிப்பெண்களுக்குள் ஓர் ஒட்டுறவு இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க எளிய சூத்திரம் உண்டு: 1 + (வகுப்பின் அளவு − 1) × ஒட்டுறவுக் கெழு. கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால் 1 + 29 × 0.2 = 6.8. உங்கள் 60ஐ இதால் வகுத்தால், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத ஒன்பது பேரைச் சோதித்ததற்கும் குறைவு. இதையும் மன்னித்துவிடலாம், அடுத்ததை மன்னிக்க முடியாது: மென்பொருள் ஒரு பிரிவுக்கு மட்டும், வழக்கமான பாடம் ஒரு பிரிவுக்கு மட்டும். வேறுபாடு வந்தால் அது மென்பொருளால் வந்ததா, அந்தப் பிரிவால் வந்ததா, காலை முதல் மணிநேரத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறைக்கும் பத்துப் பன்னிரண்டு வகுப்புகளாவது கிடைத்தால் இந்த வடிவத்தைப் பற்றிப் பேசலாம். தனி ஆளாக முனைவர் ஆய்வு செய்பவருக்கு அது பெரும்பாலும் கைக்கெட்டாது.

இரண்டாவது ஓட்டை மதிப்பெண்ணில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடிவியலைவிடத் தசமத்தில் இது பளிச்சென்று தெரியும்.

எது பெரியது என்று பத்துக் கேள்விகள் கொடுக்கிறீர்கள். ஐந்து கேள்விகள் 0.8, 0.63 போன்றவை, குட்டை எண் பெரியது. மீதி ஐந்து 0.3, 0.526 போன்றவை, நீள எண் பெரியது. ஒரு மாணவி புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறாள். அவளுக்கு 63 எட்டைவிடப் பெரியது, 526 மூன்றைவிடப் பெரியது. முதல் ஐந்தும் தவறு, பின் ஐந்தும் சரி. இன்னொரு மாணவன், பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று வகுப்பில் கேட்டதைப் பிடித்துக்கொண்டு, இலக்கம் நீண்டால் எண் சிறுக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறான். அவனுக்கு முதல் ஐந்தும் சரி, பின் ஐந்தும் தவறு. இருவருக்கும் பத்துக்கு ஐந்து.

இருவரும் குத்துமதிப்பாக எழுதவில்லை. இருவரிடமும் உறுதியான விதி இருக்கிறது, இரண்டும் நேரெதிர். அவளுக்கு உதவும் பாடம் அவன் பிழையை இன்னும் இறுக்கும். இப்போது உங்கள் புதிய பாடமுறை நடக்கிறது. மாணவி முதல் விதியை உதறிவிட்டு இரண்டாம் விதிக்கு வந்து சேர்கிறாள். உள்ளே பெரிய மாற்றம். பின்தேர்வு? மறுபடி பத்துக்கு ஐந்து. ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று உங்கள் ஆய்வேடு சொல்லும். கேள்வித்தாள் அமைப்பவர் தெரியாமல் முதல் வகையில் ஒன்பது, இரண்டாம் வகையில் ஒன்று என்று வைத்துவிட்டால் கதை இன்னும் மோசம். தப்பு விதியோடு அவள் பத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்பதுக்குத் தாவுவாள், பாடமுறை ‘வென்றுவிடும்’.

புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு பார்வையை நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. 4.45, 4.4502 இரண்டையும் காட்டினால் சமம் என்பார்கள். மூன்றாவது இலக்கம் வராத தேர்வில் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும்.

ஆகவே ‘இந்தக் கருவி பலன் தருகிறதா’ என்று தொடங்காதீர்கள். ஒரு தவறான விடையை எடுத்துக்கொண்டு, அது எந்த நியாயத்தில் பிறந்தது என்று தொடங்குங்கள். கருவி பிறகு வரட்டும்.

ஒரு விடையை வைத்து முனைவர் பட்டமா என்று கேட்பீர்கள். கணிதக் கல்வி ஆய்வாளர் ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒரே ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றியது. கட்டுரையில் அவன் பெயர் ‘பென்னி’. தானே படித்துத் தானே தேர்வெழுதி முன்னேறும் பாடத்திட்டத்தில் அவன் நன்றாகப் படிப்பவன் என்று பெயரெடுத்தவன். பேசிப் பார்த்தால், பின்னத்தைத் தசமமாக்க மேலே கீழே உள்ள எண்களைக் கூட்டிப் புள்ளி வைக்கிறான். 5/10 என்பது 1.5. 4/11, 11/4 இரண்டுமே 1.5. 400/400 என்பது 8.00. கணிதம் என்பது யாரோ வகுத்த, காரணம் கேட்கக் கூடாத விதிகள் என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கட்டுரையைக் கணிதக் கல்வி மாணவர்கள் படிக்கிறார்கள். அதில் டி-சோதனை கிடையாது.

இதை எண்ணிக்கைக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயற்பியல் கல்வியில் விசை பற்றிய 29 கேள்விகள் கொண்ட கருத்துத் தேர்வு ஒன்று 1992இல் வந்தது. மாணவர்களின் தவறான எண்ணங்கள் என்னென்ன என்று முன்பே ஆராய்ந்து, அவற்றையே தவறான தெரிவுகளாக வைத்தார்கள். அதன் பலத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களின் முன்தேர்வு பின்தேர்வுகளை ஒப்பிட முடிந்தது. பெறக்கூடியதில் எவ்வளவு பெற்றார்கள் என்பது அவரது அளவு; அதாவது 40 சதவீதத்திலிருந்து 70க்கு வந்த வகுப்புக்கு 30/60 = 0.5. பெரும்பாலும் விரிவுரையாக நடந்த வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் கலந்து பேசிச் செய்த வகுப்புகளில் 0.48. முதலில் தவறான விடைகள், அப்புறம் எண்ணிக்கை என்ற வரிசையைக் கவனியுங்கள்.

உங்கள் வடிவியலுக்குத் திரும்புவோம். மென்பொருளில் ஒரு சதுரம் வரையச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் நான்கு கோடுகளைக் கண்ணளவில் பொருத்தி வைப்பார்கள். ஒரு முனையைச் சுட்டியால் பிடித்து இழுத்ததும் அது கோணல் நாற்கரமாகிவிடும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு அமைத்த சதுரமோ இழுத்தால் பெரிதாகும், திரும்பும், சதுரமாகவே இருக்கும். சிதைந்ததற்கு மாணவர் என்ன காரணம் சொல்கிறார்? ‘நான் சரியாகப் பிடிக்கவில்லை’ என்கிறாரா, ‘கம்ப்யூட்டர் கெடுத்துவிட்டது’ என்கிறாரா, ‘பக்கங்கள் சமம் என்று அதற்கு நான் சொல்லவே இல்லை’ என்கிறாரா? மூன்றாவது பதிலில் வரையறை என்றால் என்ன என்ற புரிதல் தொடங்குகிறது. முதல் பதிலிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு மாணவர் எந்தப் பணிகளின் வழியாக வந்து சேர்கிறார்? இது ஆய்வுக் கேள்வி. நீங்கள் விரும்பிய மென்பொருளும் இதில் இருக்கிறது.

கணினி வகுப்பும் எடுப்பதால் இன்னொரு வாசலும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. a = 5, b = a, a = 7 என்று மூன்று வரிகள் எழுதி b என்ன என்று கேளுங்கள். விடை 5. ஆனால் 7 என்பவர்கள் இருப்பார்கள். கணிதத்தில் சமக்குறி கற்றுத்தந்த பாடத்தை அவர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். அதனால்தான் இங்கே தவறுகிறார்கள். இரண்டு பாடங்களையும் எடுக்கும் ஆசிரியருக்கு இந்த எல்லைக்கோடு நன்றாகத் தெரியும்.

சுற்றுச்சூழல் கேள்வித்தாளைப் பற்றி ஒரு பத்தி போதும். ‘நீரைச் சேமிக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை மறுக்கும் மாணவர் யார்? ஐந்துக்கு 4.6 என்று முன்தேர்விலேயே வந்துவிட்டால் பின்தேர்வு ஏறுவதற்கு இடமில்லை. 1977இல் திபிலிசியில் சுற்றுச்சூழல் கல்விக்காக நடந்த அரசுகளுக்கிடையிலான மாநாடு விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என்று ஐந்து நோக்கங்களைப் பிரித்து வைத்தது. முதலாவதை அளந்துவிட்டுக் கடைசியை அடைந்ததாக எழுதுவது இந்தத் துறையின் தீராத நோய். இதில் ஆர்வம் இருந்தால், ஓசோன் ஓட்டை வழியாக வெப்பம் நுழைந்து புவி சூடாகிறது என்று மாணவர்கள் இரண்டு வேறு விஷயங்களைத் தவறாக ஒட்டவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய அதில் சதைப்பற்று உண்டு.

இனி வேலை. முதலில் விடைத்தாள்கள். 100 தாள்களில் ஒரு கேள்வியின் விடைகளை மட்டும் வகைப்படுத்துங்கள். அதே தாள்களை இன்னொரு ஆசிரியரிடமும் கொடுத்து, உங்கள் வகைப்பாட்டை அவர் பார்க்காமல் பிரிக்கச் சொல்லுங்கள். 80 தாள்களில் ஒத்துப்போனால் மகிழ்ந்துவிட வேண்டாம். இரண்டே வகைகள், இருவருமே 70 தாள்களை முதல் வகையில் போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 0.7 × 0.7 + 0.3 × 0.3 = 0.58 ஒத்துப்போயிருக்கும். இந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹெனின் கப்பா (0.80 − 0.58) / 0.42, ஏறக்குறைய 0.52. சுமார்தான். வகைகளின் வரையறை எங்கோ வழுக்குகிறது. பெரும்பாலும் ‘மற்றவை’ என்ற பெட்டியில்தான் கோளாறு இருக்கும்.

பிறகு நேர்காணல். ஆளுக்கு 20, 25 நிமிடம். ‘ஏன் இப்படி எழுதினாய்’ என்று தவறான விடைக்கு மட்டும் கேட்டால் மாணவர் உடனே மாற்றிச் சொல்வார், ஆசிரியர் ‘ஏன்’ என்றால் தப்பு என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். சரியான விடைக்கும் ‘எப்படி முடிவு செய்தாய்?’ என்றே கேளுங்கள். நேர்காணலுக்குள் பாடம் நடத்தாதீர்கள். உங்களைப் போன்ற அனுபவசாலிகளுக்கு இதுதான் கடினம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். 12 மாணவர், மூன்று சுற்று என்றால் 15 மணி நேரப் பேச்சு, 80 மணி நேர எழுத்து. கால அட்டவணை போடும்போது இதை மறந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் தவிக்கிறார்கள்.

நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் தருவதற்கு முன் எடுத்த தரவைப் பொதுவாக ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள். பெற்றோர் சம்மதம் தனி, மாணவரின் சம்மதம் தனி. அதிலும் உங்கள் சொந்த வகுப்பு என்றால் மாணவர் மறுப்பது பெயரளவுக்குத்தான் சாத்தியம். சம்மதக் கடிதங்களை வேறோர் ஆசிரியர் வாங்கி, அந்தப் பருவத்து மதிப்பெண் பட்டியல் போகும்வரை உங்களிடம் காட்டாமல் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

நெறியாளரைத் தேடும்போது அவரது கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளில் மாணவரின் பேச்சோ கையெழுத்தோ எங்காவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். வெறும் அட்டவணைகளாக இருந்தால் உங்கள் கேள்விக்கு அவர் துணை நிற்பது கடினம். அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். சில இடங்களில் இந்த ஆய்வு கல்வியியல் துறையில் நடக்கும், சில இடங்களில் இயற்பியல், கணிதத் துறைகளுக்குள்ளேயே நடக்கும். கல்வியியல் துறையில் சேர்ந்தால் கணிதத் துறையிலிருந்து ஓர் இணை நெறியாளர் இருப்பது நல்லது.

விண்ணப்பத்துக்கு முன்னால் பயிற்சிக்காக, தரவாக அல்ல, பெற்றோரிடம் சொல்லிவிட்டு மூன்று மாணவர்களிடம் அந்தச் சதுரத்தை இழுத்துக் காட்டிப் பேசிப் பாருங்கள். வரைந்து விளக்கத் தாளோடு பேனா கொடுங்கள், பென்சில் வேண்டாம். அழித்த கோடுகள்தான் உங்களுக்கு வேண்டியவை.