24 வரிசைகள், 42 பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நாலு பேர். கோவையில் ஓர் அறை எடுத்து ஒன்றரை வருடமாக ஒரு ஆன்லைன் ஷூட்டிங் கேம் செய்துகொண்டிருக்கிறோம். 5க்கு 5 ஆட்டம், பிசியில் மட்டும். நாலு மோட் (ஆட்ட வகை), ஒவ்வொன்றிலும் ரேங்க்ட் (தரவரிசைக்கு ஆடுவது), கேஷுவல் (சும்மா ஆடுவது) இரண்டும் உண்டு. மும்பை, சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட் என்று மூன்று இடத்தில் சர்வர். எங்களில் ஒருவன் இதற்காக வேலையையே விட்டுவிட்டான்.

லாஞ்ச் நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது. நியூ வேர்ல்ட் என்ற ஆன்லைன் கேம் 9 லட்சம் பேரோடு தொடங்கி ஆறே மாதத்தில் காற்று வாங்கியது. கான்கார்ட் என்ற ஷூட்டர் இரண்டு வாரத்தில் மூடப்பட்டது. இந்தக் காலத்துப் பிளேயர்களுக்குப் பொறுமையே இல்லையா? இல்லை, பக்ஸ்தான் (கேமில் வரும் கோளாறுகள்) காரணமா? ஃபைனல் ஃபேண்டஸி 14 மாதிரி விழுந்து எழ வழி உண்டா? கையில் கொஞ்சம் விளம்பரப் பணம் இருக்கிறது. அதை லாஞ்ச் அன்றே கொட்டிவிடலாமா, மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. ஆட்கள் ஏன் குறைகிறார்கள் என்று ஊரே கேட்கிறது. குறைந்தபின் மிஞ்சுகிறவர்களை எங்கே உட்காரவைப்பது என்று கேட்பவர் யாரையும் காணோமே என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அந்தச் சிக்கல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பொறுமை இல்லாத பிளேயர் என்று தனியாக ஓர் இனம் கிடையாது. ஆட்டத்துக்கு ஆள் சேரும்வரை உட்காரவைக்கும் லாபியில் எட்டு நிமிடம் காத்திருந்தும் ஆட்டம் கிடைக்காமல் எழுந்து போகிறவரைப் பொறுமையில்லாதவர் என்று சொல்வது கேம் செய்கிறவர்களின் கொழுப்பு. அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள். கான்கார்ட் உங்களுக்கு உதாரணமே ஆகாது. 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, செப்டம்பர் 6இல் சர்வரை அணைத்தார்கள். ஸ்டீம் என்ற பிசி கேம் கடையின் கணக்கில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் ஆடியவர்கள் 697 பேர். இலவச ஷூட்டர்கள் குவிந்து கிடக்கிற சந்தையில் 40 டாலர் கேட்டார்கள், யாரும் வரவில்லை. வந்தவர்கள் போவது வேறு நோய். ஃபைனல் ஃபேண்டஸி 14, 2010இல் வந்து அடிவாங்கியது, 2012 நவம்பரில் மூடினார்கள், 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அத்தனை காலம் சம்பளம் கொடுக்க அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனியிடம் பணம் இருந்தது. உங்களிடம் இருப்பது வாடகை அறை.

இனி கணக்குக்கு வருவோம். மொபைல் கேம் தொழிலில் 40–20–10 என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. இன்று முதல்முறையாக ஆடியவர்களில் நாளை 40 சதவீதம், ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 சதவீதம் திரும்பி வந்தால் அது நல்ல கேம். திரும்பப் படியுங்கள், நல்ல கேம். அதாவது லாஞ்ச் அன்று வந்தவர்களில் 90 சதவீதம் பேர் ஒரு மாதத்தில் அன்றாடக் கணக்கிலிருந்து போய்விடுவது தோல்வியே அல்ல, அதுதான் இயல்பு. லாஞ்ச் என்பது ஆறு மாதத்தில் வரவேண்டியவர்கள் எல்லோரையும் ஒரே வாரத்தில் வரவைக்கிற ஏற்பாடு. அப்படிச் செய்துவிட்டுப் படம் செங்குத்தாக இறங்குகிறதே என்று அலறுவதில் என்ன இருக்கிறது? பால்வேர்ல்ட் 2024 ஜனவரியில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 21 லட்சம் பேரைத் தொட்டது, பிறகு மளமளவென்று இறங்கியது. கேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அதைத் தனியாகவே ஆடலாம், நாலு நண்பர்கள் சேர்ந்தும் ஆடலாம். பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டால் உங்கள் ஆட்டம் நிற்காது.

உங்கள் கேம் அப்படியா? பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேண்டும்.

லாஞ்ச் அன்று 10,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பாட்டின்படி முப்பதாம் நாள் 1,000 பேர். ஒவ்வொருவரும் அன்று ஒரு மணி நேரம் ஆடினால், 1,000 மணி நேரத்தை 24ஆல் வகுங்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 42 பேர்தான் உள்ளே இருப்பார்கள். 1,000 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோகும் பலர் இந்த வகுத்தலைச் செய்வதே இல்லை. இரவு ஒன்பது மணிக் கூட்டம் சராசரியைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட இருக்கும், 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வடிவமைப்பைப் பாருங்கள். நாலு மோட், ரேங்க்டும் கேஷுவலுமாக எட்டு, மூன்று சர்வரால் பெருக்கினால் ஆட்டத்துக்கு ஆள் சேரக் காத்திருக்கும் 24 தனித்தனி வரிசைகள். 90 பேரை 24 வரிசையில் பிரித்தால் வரிசைக்கு நாலு பேர்கூடத் தேறவில்லை. பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் 24 வண்டியை நிறுத்திவைத்து, வருகிறவர்களை ஆளுக்கொரு வண்டியில் ஏறச் சொன்னால் எந்த வண்டி கிளம்பும்? அதே 90 பேரும் ஒரே வரிசையில் நின்றால் 9 ஆட்டங்கள் ஓடும். ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்றால், சராசரியாக இரண்டேகால் நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் முடிந்து பத்துப் பேர் வெளியே வருவார்கள். காத்திருக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆட்கள் அதேதான், கேம் அதேதான். ஒன்றில் ஊர்த் திருவிழா, இன்னொன்றில் சுடுகாடு. உங்கள் 24 வரிசையும் இப்படி ஓடவேண்டுமானால் தினம் 24,000 பேர் வேண்டும். எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

காலி வரிசை சும்மா காலியாக இருப்பதில்லை, இருக்கிறவர்களையும் விரட்டும். ஒன்பது பேர் சேர்ந்த வரிசையில் ஒருவர் சலித்துப்போய் ரத்து செய்தால் மற்ற எட்டுப் பேரின் நேரமும் போச்சு. ரத்து செய்தவர் வேறு மோடில் போய் நிற்பார், அங்கேயும் எட்டுப் பேர்தான். எப்படியாவது ஆட்டம் அமையட்டும் என்று, யாரை யாரோடு மோதவிடுவது என்று தீர்மானிக்கும் மேட்ச்மேக்கர் நிரல் நேற்று வந்த புதியவரை 400 மணி நேரம் ஆடியவர் முன்னால் தள்ளிவிடும். ஒரு ரவுண்டுகூட ஜெயிக்காமல் தோற்றவர் மறுநாள் வரமாட்டார். உங்கள் 40 சதவீதமே 25 ஆகிவிடும். கேம் பிடிக்காமல் போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டு இன்னொரு புது மோட் போடுவீர்கள், வரிசைகள் 24லிருந்து 30 ஆகும். இந்த முட்டாள்தனத்தைப் பெரிய கம்பெனிகளே செய்கின்றன.

நியூ வேர்ல்டில் நடந்ததும் பெரிய அளவில் இதுதான். 2021 செப்டம்பர் 28இல் வந்தது, சில நாளிலேயே ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9,13,634 பேர். பக்ஸ் கேட்டீர்களே, ஆமாம், வேடிக்கையான பக்ஸ் எல்லாம் இருந்தன. விளையாட்டு ஜன்னலை மவுஸால் இழுத்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு அடிபடாது. தங்கத்தைப் பிரதி எடுக்கும் கோளாறால் கேமுக்குள் வியாபாரத்தையே நிறுத்திவைத்தார்கள். ஆனால் பக்கைத் திருத்திவிடலாம். ஓர் உலகத்தில் ஏறக்குறைய 2,000 பேருக்குத்தான் இடம் என்று வைத்ததுதான் அடிக்கல்லில் வந்த விரிசல். முதல் வாரம் ஆயிரக்கணக்கில் வாசலில் நின்றார்கள். வரிசையைக் குறைக்க அமேசான் புதுப்புது உலகங்களைத் திறந்துகொண்டே போனது, நூற்றுக்கணக்கில். கூட்டம் இறங்கியதும் ஒவ்வொரு உலகமும் தனித்தனியாகக் காலியானது. அந்தக் கேமில் ஒரு பிரதேசத்துக்காக நடக்கும் போருக்கு 50க்கு 50, நூறு பேர் ஒரே நேரத்தில் வேண்டும். ஊரை ஆளும் கூட்டணி பராமரிப்புச் செலவைக் கட்டாவிட்டால் பட்டறைகள் தரம் இறங்கும், அந்தச் செலவு வருவதோ ஊருக்கு வந்துபோகிறவர்கள் கட்டும் வரியிலிருந்து. ஆள் குறைந்தால் வரி குறையும், பட்டறை தரம் இறங்கும், நல்ல ஆயுதம் செய்ய முடியாது, இன்னும் ஆள் போவார்கள். பிறகு உலகங்களை இணைத்தார்கள். ஆறு மாதத்தில் உச்சக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

இதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. 2019 ஆகஸ்டில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கைத் திறந்தபோது பிளிசார்ட் கம்பெனி ஒரே சர்வர் பெயருக்குள் உலகத்தின் பல பிரதிகளை ஓடவிட்டது. கூட்டம் வடிய வடியப் பிரதிகளைக் குறைத்து ஒன்றாக்கினார்கள். சிலர் ஒரு பிரதியில் சுரண்டிவிட்டு அடுத்த பிரதிக்குத் தாவினார்கள் என்று அப்போது திட்டியவர்கள் உண்டு, நியாயமான திட்டுதான். இருந்தாலும் சர்வர் பெயர் மாறவில்லை, நண்பர்கள் சிதறவில்லை. ஈவ் ஆன்லைன் இன்னும் பிடிவாதம்: 2003இலிருந்து அநேகமாக உலகம் முழுவதும் ஒரே சர்வர். இருக்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே வானத்துக்குக் கீழே இருக்கிறார்கள்.

ஆகவே தம்பி, லாஞ்சுக்கு ஒரே மோட், ஒரே வரிசை. ரேங்க்டைத் திறக்கவே திறக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு வாரம் இரவு ஒன்பது மணிக்குப் பாதிப் பேருக்காவது ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். மற்ற மூன்று மோடையும் தூக்கிப்போட மனசு வராது, தெரியும். ஒன்றரை வருட உழைப்பு. வாரக்கடைசிக்கு ஒன்று என்று சுழற்றிவிடுங்கள், வழக்கமான மோடை மூடிவிட்டு. சர்வர் சிங்கப்பூர் ஒன்று போதும். சென்னையிலிருந்து நல்ல இணைப்பில் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) பெரும்பாலும் 50 மில்லிசெகண்டுக்குள் வரும், தென்கிழக்காசியாவில் இருப்பவர்களும் அதே வரிசைக்கு வருவார்கள். ஃபிராங்க்ஃபர்ட் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மேட்ச்மேக்கர் முதலில் திறமைப் புள்ளியில் 100 மேலே கீழே தேடட்டும், பத்து விநாடிக்கு ஒருமுறை இன்னும் 50 விரியட்டும், ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் திறந்துவிடட்டும். பிங் வரம்பை மட்டும் விரிக்காதீர்கள். 150க்கு மேல் போனால் சுட்டது படவில்லை என்ற புகார்தான் வரும். புதியவர்களின் முதல் ஐந்தாறு ஆட்டத்தைப் பாட்களால், அதாவது கணினியே ஆட்டுவிக்கும் ஆட்களால், நிரப்புங்கள். ஃபோர்ட்நைட்டே 2019இலிருந்து அதைச் செய்கிறது, உங்களுக்கு என்ன கௌரவம்? ஆனால் பாட் என்று பெயரிலேயே தெரியட்டும். ஐந்து நண்பர்கள் சேர்ந்து வருகிற அணியைத் தனியாட்களோடு மோதவிடும்போது புள்ளியில் கொஞ்சம் கூட்டிக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் தனியாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே காணாமல் போவார்கள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். விளம்பரத்தால் 3,000 பேரைக் கொண்டுவர முடியும் என்றால், ஒரே நாளில் கொண்டுவந்தால் முப்பதாம் நாள் 300 பேர் இருப்பார்கள். நாளுக்கு 100 பேராகக் கொண்டுவந்தால் அதே முப்பதாம் நாள் சுமார் 560 பேர், ஏனென்றால் கடைசி நாட்களில் வந்தவர்களில் பலர் இன்னும் போயிருக்க மாட்டார்கள். ஆகவே மொத்தமாகக் கொட்டவும் வேண்டாம், மூன்றாம் மாதம்வரை பூட்டிவைக்கவும் வேண்டாம். விளம்பரத்தில் ‘இரவு 8 முதல் 11’ என்று நேரத்தையும் போடுங்கள், வருகிற நூறு பேரும் ஒன்றாக வரட்டும். வேலையை விட்ட நண்பர் பகுதிநேரமாக ஏதாவது பிடித்துக்கொள்ளட்டும், இது மூன்று மாதத்தில் முடிகிற விஷயமில்லை.

ஒன்றை மட்டும் இப்போதே லாக்கில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) சேர்த்துவிடுங்கள்: வரிசையில் நின்று ரத்து செய்தவர்கள் எத்தனையாவது விநாடியில் ரத்து செய்தார்கள், அப்போது அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்தார்கள். முதல் வாரம் முடிந்ததும் அந்த ஃபைலை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.