குரோஷா கொடுமைகள்: நீங்கள் கேட்டவை

வாசகர், மன்னார்குடி: தலை தீபாவளிக்கு மாமியார் தன் கையாலேயே குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், சட்டை போட்டு வைத்திருக்கிறார். கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் பூ. ஓட்டை வழியே பனியன் கம்பெனியின் பெயரைக்கூடப் படிக்கலாம். போட்டுத்தான் ஆகணுமா?

பதில்: போட்டுத்தான் ஆக வேண்டும் மாப்பிள்ளை. தலை தீபாவளியில் உங்கள் கருத்தை யார் கேட்டார்கள்? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மஞ்சள் வைத்த அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாமியார் கண்ணில் படும்படி கூடத்தில் ஒரு நடை நடந்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெடி வைக்க வாசலுக்குப் போகும்முன் கழற்றிவிடுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. உல்லன் என்று கடையில் கேட்டால் கொடுக்கிற நூலில் பெரும்பாலும் கம்பளியே கிடையாது, அது அக்ரிலிக், பிளாஸ்டிக் சாதி. பொறி பட்டால் எரிந்து உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சட்டையைக் கழற்ற இதைவிடக் கௌரவமான காரணம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. அடுத்த முறைக்கு நீங்களே பருத்தி நூல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வியர்வையையாவது உறிஞ்சும்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: ஆன்லைனில் குரோஷா டாப் 399 ரூபாய். “நூல் காசே அதுக்கு மேல ஆகும், இது மெஷின்ல போட்டது” என்கிறார் அம்மா. வாங்கலாமா?

பதில்: அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. இரண்டு ஊசியில் போடும் ஸ்வெட்டர் பின்னலுக்கு மெஷின் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷாவைத் தொழிற்சாலையில் போட்டுத் தள்ளும் மெஷின் வரவில்லை, மெஷினில் வருவதெல்லாம் பார்க்க அப்படியிருக்கும் வேறு பின்னல். ஆகவே உங்கள் டாப் ஒன்று போலி, இல்லையென்றால் நிஜமாகவே யாரோ ஒரு பெண் உட்கார்ந்து கை வலிக்கப் போட்டது. இரண்டாவது என்றால் 399 ரூபாயில் நூல், கடைக்காரர், கூரியர் எல்லாம் போக அவர் கைக்கு என்ன வந்திருக்கும் என்று கணக்குப் போடுங்கள். 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்துக் குடும்பங்கள் குரோஷா லேஸ் விற்றுப் பிழைத்தன. நமக்குப் பக்கத்தில், கோதாவரி டெல்டாவின் நரசாபுரத்தில் இன்றும் பெண்கள் வீட்டிலிருந்தபடி போடுகிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அம்மாவுக்குக் குரோஷா தெரியும் போலிருக்கிறதே, அப்புறம் ஏன் ஆன்லைனில் தேடுகிறீர்கள்?

வாசகி, திருவாரூர்: பாட்டி போட்ட பழைய டிவி கவரை வெட்டி டாப் ஆக்கலாமா?

பதில்: கத்தரியைக் கீழே வையுங்கள்! குரோஷாவை வெட்டினால் அந்த இடத்திலிருந்து பிரிய ஆரம்பித்துவிடும், வெட்டாமல் ஓரங்களை இணைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும். அமெரிக்காவில் ஒருவர் பழைய குரோஷா போர்வைகளில் ஆண்களுக்கு நிக்கரே தைத்தார், 2015-இல் அந்தப் படங்கள் உலகம் சுற்றின. பார்த்தவர்கள் இன்னும் மறக்க முயன்றுகொண்டிருக்கலாம். டிவி கவர் பெட்டி டிவிக்கு அளவெடுத்துப் போட்டது, உங்களுக்கு அல்ல.

வாசகி, தஞ்சாவூர்: முழங்கால் வரை இருந்த குரோஷா பாவாடை, துவைத்துக் கொடியில் போட்டதும் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

பதில்: குரோஷா நிறைய நூல் குடிக்கும். பருத்தி நூல் தண்ணீரையும் சேர்த்துக் குடித்தால் அந்தக் கனமே இழுத்துவிடும். துண்டில் சுருட்டி அமுக்கி ஈரம் எடுத்து, பாயில் விரித்து, பழைய அளவுக்குக் கையால் ஒதுக்கிவிட்டுக் காயவையுங்கள். கொடியே கூடாது. இதே காரணத்தால் வேளாங்கண்ணிக் கடலில் குரோஷா உடையோடு இறங்கலாமா என்று கேட்டிருக்கும் தங்கைக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

வாசகி, மயிலாடுதுறை: கூறைப் புடவைக்குக் குரோஷா ரவிக்கை பொருந்துமா?

பதில்: மெல்லிய பருத்தி நூல், உள்ளே லைனிங், ஒரே நிறம் என்றால் அழகாகவே இருக்கும். கல் வைத்த வளையலும் ஊக்கும் கண்ணியில் மாட்டி இழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பலவண்ணச் சதுரங்களை ஒட்டிய ரவிக்கை என்றால் வேண்டாம். கூறைப் புடவை அப்படி என்ன பாவம் செய்தது?

வாசகர், நாகப்பட்டினம்: ஆண்கள் குரோஷா கற்றால் கேலி செய்வார்களா?

பதில்: செய்வார்கள். கற்றுக்கொண்டு கேலி செய்தவருக்கே ஒரு தொப்பி போட்டுக் கொடுங்கள், நல்ல கிளிப்பச்சையில்.