ஐஜிஇ அளவு அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஆனால் உடம்பில் ஒன்றுமே இல்லை. என் மாஸ்ட் செல்கள் வேலை செய்யவில்லையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஐந்து வருடம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மாஸ்ட் செல்களோடு (அலர்ஜியைக் கிளப்பிவிடும் நோய் எதிர்ப்பு செல்கள்) மாரடித்துவிட்டு, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன். "மருத்துவம் சொல்ல நீ யார்" என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுவதுதான் முறை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. "வேலை செய்யவில்லையா?" இதே கேள்வியை ஏழு மாதம் நான் கேட்டிருக்கிறேன், ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பார்த்து.

வேறு எதற்கோ ரத்தம் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் இதுவும் சேர்ந்து வந்திருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று பார்த்த நாளிலிருந்து, சாப்பிட்டு முடித்ததும் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஊகிப்பது தப்பென்றால் மன்னிக்கவும்.

ஐஜிஇ தனியாக ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் உள்ள ஐந்து வகை ஆன்டிபாடிகளில் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) ரத்தத்தில் ஆகக் குறைவாக இருப்பது அதுதான். ரத்தத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் ரத்தக்குழாய் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் நகராது. எந்தப் பொருளுக்காக அந்த ஐஜிஇ உருவானதோ, அந்தப் பொருள் வந்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஜிஇ-களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் செல் தன் மூட்டையை அவிழ்க்கும். உள்ளே ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் ஹிஸ்டமினும் மற்றவையும் சில நிமிடத்தில் வெளியே கொட்டும். அரிப்பு, தடிப்பு, தும்மல், மோசமானால் மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் ரிப்போர்ட் எண்ணியது ரத்தத்தில் மிதக்கும் ஐஜிஇ-யை. மாஸ்ட் செல் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. மொத்த ஐஜிஇ என்றால் குடல் புழு இருந்தாலும் ஏறும், எக்ஸிமா இருந்தாலும் ஏறும், புகைபிடித்தாலும் ஏறும். குறிப்பிட்ட ஒரு பொருளுக்கான ஐஜிஇ இருந்தாலும்கூட, அதைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் நடமாடுகிறவர்கள் நிறைய. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் ஏழு மாதக் கதை.

நாங்கள் வளர்த்தது எலியிலிருந்து வந்த ஒரு செல் வரிசை. (அது அசல் மாஸ்ட் செல் இல்லை, பேசோஃபில் என்ற வெள்ளையணு வகையின் ரத்தப் புற்றுநோயிலிருந்து வந்தது, மாஸ்ட் செல்லுக்குப் பதிலாகப் பல ஆராய்ச்சிக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள். எலியை வைத்து மனிதனைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் வருவார். வரட்டும்.) முதல் நாள் மாலை செல்லின் மேல் ஐஜிஇ போடுவோம். ராத்திரி முழுக்க ஒட்டட்டும். காலையில் கழுவிவிட்டு, அந்த ஐஜிஇ-க்கு உரிய ஆன்டிஜனை, அதாவது அது பிடிக்கும் பொருளை, போடுவோம். செல் மூட்டையை அவிழ்த்தால் ஹிஸ்டமினோடு ஒரு நொதியும் வெளியே வரும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்து வேறு தட்டில் விட்டு, ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்து, கடைசியில் காரக் கரைசலை ஊற்றினால் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று கணக்கு.

எனக்கு மஞ்சள் வரவே இல்லை. தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கும். செல்லை உடைக்கிற திரவத்தை ஊற்றினால் மட்டும் பளிச்சென்று மஞ்சள். சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே விட மனசில்லை என்று அர்த்தம். ஆன்டிபாடியே இல்லாமல் செல்லைத் தூண்டுகிற ஒரு மருந்து உண்டு, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க அதைப் போடுவார்கள். அதற்கும் அசையவில்லை. "செல் கெட்டுப்போச்சு, உன் கை சுத்தமில்லை" என்றார் கைடு. புதுச் செல் வரவழைத்தேன். புது ஐஜிஇ வாங்கினேன். பைப்பெட்டைக்கூட மாற்றினேன். என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டாவது கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது மாதம் வேறு துறையிலிருந்து சென்ட்ரிஃப்யூஜ் கேட்டு வந்த ஒரு அக்கா, என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பஃபர்ல கால்சியம் போட்டியா தம்பி?"

போடவில்லை. நான் போடவில்லை என்பதைவிட, எல்லோருக்கும் பொதுவாகக் கலக்கி வைத்திருந்த பெரிய பஃபர் பாட்டிலில் (செல்லை வைத்திருக்கும் உப்புக் கரைசல்) அது இல்லை. செல்லைத் தட்டிலிருந்து பிரித்தெடுக்கக் கால்சியம் இல்லாத கரைசல்தான் வேண்டும், யாரோ அதைக் கலக்கி அதே பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஐஜிஇ ஒட்டியிருந்தாலும், ஆன்டிஜன் இழுத்துப் பிடித்தாலும், வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாயாவிட்டால் மாஸ்ட் செல் மூட்டையை அவிழ்க்காது. சோதனைக்குப் போட்ட அந்த மருந்தும் கால்சியத்தை உள்ளே விடுவதால்தான் வேலை செய்கிறது. அதுவும் தோற்றதற்குக் காரணம் இதுதான். புத்தகத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

கால்சியம் போட்டேன். மஞ்சள் வந்தது, ஆனால் வெளிறிய மஞ்சள். பத்தவில்லை என்று ஆன்டிஜனை ஏற்றினேன். இன்னும் வெளிறியது. இன்னும் ஏற்றினேன். மறைந்தே போனது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் போனது. ஒரு நாள் எரிச்சலில் அதிகத்திலிருந்து சொற்பம் வரை பத்துப் பத்து மடங்காக நீர்த்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஓரமும் தெளிவு, நடுவில் தட்டின் மூன்று குழி மட்டும் பொன் மாதிரி. ஆன்டிஜன் அளவுக்கு மீறினால் ஒவ்வொரு ஐஜிஇ-யின் கைக்கும் ஒன்று கிடைத்துவிடுகிறது, யாரும் யாரோடும் பகிர்ந்து பிடிக்க வேண்டியதில்லை, பாலம் உருவாகாது. செல் சும்மா இருந்துவிடுகிறது. இது நான் கண்டுபிடித்தது இல்லை, பழைய சங்கதி. ஆனாலும் அந்த மூன்று குழியைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வரைபடம் பிறகு ஒரு கட்டுரையில் வந்தது. என் பெயர் எழுதியவர்கள் வரிசையில் இல்லை. கடைசிப் பக்கத்தில் "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி" என்று ஒரு வரி. தொழில்நுட்ப உதவி! கால்சியம் இல்லாத பாட்டிலைக் கலக்கியவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. இதற்கும் உங்கள் ஐஜிஇ-க்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

இந்தத் துறையில் பெயர் விட்டுப்போவது புதிதும் இல்லை. 1966-இல் டென்வரில் ஐஜிஇ-யைப் பிரித்துக் காட்டியவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற கணவன் மனைவி. எனக்குப் பாடம் எடுத்தவர் கணவர் பெயரை மட்டும்தான் சொன்னார். ரத்தத்தில் இவ்வளவு சொற்பமாக இருக்கும் ஒன்றை அளக்க அன்றைக்குக் கருவி ஏது? தங்கள் தோலிலேயே ஊசி குத்தித் தடிப்பைப் பார்த்தார்கள். அதற்கு முன்னோடி 1921-இல் பிராஸ்னிட்ஸும் குஸ்ட்னரும் செய்தது. குஸ்ட்னருக்கு வேகவைத்த மீன் ஆகாது. அவருடைய சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்தினார். அந்த இடம் மட்டும் வீங்கியது. சுவீடனில் ஜோஹன்சனும் பென்னிச்சும் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தில் இதே ஆன்டிபாடி ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். 1968-இல் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவாகி, ஐஜிஇ என்ற பெயர் நிலைத்தது. மாஸ்ட் செல்லுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக், 1878-இல், மாணவராக இருந்தபோது. உள்ளே மணி மணியாக நிறைந்திருப்பதைப் பார்த்து நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்து, கொழுக்க வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லைப் போட்டார். தவறான ஊகம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் நிலைக்கு நேர் எதிரான ஒன்று எனக்கே நடந்தது. ஒரு தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை டிரிப்பில் போட்டார்கள். வேகமாக ஏறிவிட்டது போல. முகமும் கழுத்தும் சிவந்து அரிப்புத் தாங்கவில்லை. உடனே என் கோப்பில் 'அலர்ஜி' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். மறுநாள் வந்த மூத்த டாக்டர் அதை அடித்துவிட்டு, அதே மருந்தை மெதுவாக ஏற்றச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. மாஸ்ட் செல்லில் ஐஜிஇ-க்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வாசலும் இருக்கிறது, சில மருந்துகள் நேராக அதைத் தட்டித் திறந்துவிடுகின்றன என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. வான்கோமைசினும் அந்த வழிதான் என்று பிறகு தெரிந்தது. ஆக, எனக்கு ஐஜிஇ இல்லாமலே மூட்டை அவிழ்ந்தது, உங்களுக்கு ஐஜிஇ இருந்தும் அவிழவில்லை. (நான் சொன்னேன் என்று உங்கள் கோப்பில் இருக்கும் 'அலர்ஜி'யை நீங்களே அடித்துவிட வேண்டாம். அடித்தவர் டாக்டர், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் ஏற்றினார்.)

"ரிப்போர்ட்டை அலட்சியப்படுத்தச் சொல்கிறான்" என்று யாரும் திரிக்க வேண்டாம். எதையாவது சாப்பிட்டோ, பூச்சி கடித்தோ, மருந்து போட்டோ சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு வாங்கினால், எண் எதுவாக இருந்தாலும் அது அவசரம். அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கிற விஷயம் இல்லை. உங்களுக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் தாளில் 'மொத்தம்' என்று ஒரே ஒரு எண் இருக்கிறதா, அல்லது பால், முட்டை, தூசு என்று தனித்தனியாக வரிசை இருக்கிறதா? தனித்தனி என்றால் எது எது என்று கீழே எழுதுங்கள். அதற்குள் எதையும் சாப்பாட்டிலிருந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.