மகனின் அக்குளில் முத்து முத்தாகப் பரு: சுண்ணாம்பு வைக்கலாமா?

ஐந்து வயது மகனுக்கு அக்குளில் முத்துப்போலப் பருக்கள், நடுவில் சின்னக் குழி, வலி இல்லை என்கிறீர்கள். கேட்டவரை மொலஸ்கம் கண்டேஜியோசம் என்ற வைரஸ் தோல் தொற்று மாதிரிதான் தெரிகிறது. பெரியம்மை வைரஸின் குடும்பம்தான், ஆனால் சாது. தோல் மருத்துவர் பெரும்பாலும் பார்த்தவுடனே சொல்லிவிடுவார், ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மாமியார் சொன்ன சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம் சகோதரி. பிஞ்சுத் தோல், வெந்து தழும்பாகிவிடும். கிள்ளிப் பிதுக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சாந்தில்தான் வைரஸ் இருக்கிறது. அது பட்ட இடத்தில் புதிதாக முளைக்கும். சொறிந்தாலும் அதே கதைதான், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் தானாகப் போய்விடும், சிலருக்கு இன்னும் இழுக்கும். நடுவில் பருக்கள் சிவந்து வீங்கினால் பதறாதீர்கள், பலநேரம் உடம்பு எதிர்க்கத் தொடங்கியதன் அடையாளம் அது. சீழ், காய்ச்சல் என்றாலோ கண் இமையில் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

பள்ளிக்குத் தாராளமாக அனுப்பலாம். துண்டு மட்டும் தனி, தங்கையோடு சேர்ந்து குளிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம் நீச்சல் வகுப்பு கேட்டீர்களே, நிறுத்த வேண்டியதில்லை. நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி அனுப்புங்கள். அக்குளில் அது நிற்காவிட்டால் கை வைத்த நீச்சல் சட்டை போடுங்கள்.