அக்காவின் பெட்டி மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன் தோழிகள் ஐந்து பேரோடு கடற்கரை விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்கப்போகிறேன், பேச்சலரெட் ட்ரிப். விமானத்தில் போகிறோம். ஒரே மாதிரி டி-ஷர்ட், இரவு பார்ட்டிக்கு வெள்ளை உடை, போட்டோவுக்கு இரண்டு செட், நீச்சல் உடை, ஸ்டிரெய்ட்னர், பவர் பேங்க், அலங்காரப் பொருட்கள் என்று லிஸ்ட் நீள்கிறது. இதற்காக அக்காவின் பெரிய சூட்கேஸையும் தங்க நிற ஹீல்ஸையும் வாங்கி வைத்திருக்கிறேன். (அக்கா வரவில்லை. இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் எப்படியும் வரமாட்டாள், அதனால் கேட்கவில்லை.) ஒரு தோழி எட்டு மாதக் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு வருகிறாள். அவளுடைய தாய்ப்பால் பம்ப்பை விமானத்தில் கொண்டுபோகலாமா? அந்த நாட்களில் எனக்கு மாதவிடாய் வரும். தள்ளிப்போட ஒரு தோழி மாத்திரை தந்திருக்கிறாள், சாப்பிடலாமா? எதையும் மறக்காமல் பேக் செய்வது எப்படி?

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் லிஸ்ட்டைவிட, அடைப்புக்குறிக்குள் நீ போட்ட அந்த இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அக்காவின் சூட்கேஸ் வேண்டும், அக்காவின் செருப்பு வேண்டும், அக்கா மட்டும் வேண்டாமா? எப்படியும் வரமாட்டாள் என்று யார் சொன்னது? அவள் சொல்லவில்லை. நீ கேட்கவே இல்லை என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, எட்டு மாதக் குழந்தையின் தாய் ஒருத்தி வருகிறாள், அவளுடைய பம்ப்புக்கு என்ன ஏற்பாடு என்று அக்கறையாகக் கேட்கிறாய். எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு ஒருத்தி வர முடியுமானால், இரண்டு வயதுக் குழந்தையின் தாய் வர முடியாது என்று எதை வைத்து முடிவு செய்தாய்? தோழிக்கு வழி யோசித்த மனசு அக்காவுக்கு ஏன் யோசிக்கவில்லை? குழந்தை காரணமே இல்லை, மகளே. அது உனக்கு வசதியாகக் கிடைத்த சாக்கு.

இந்தச் சாக்கு எனக்குப் புதிதல்ல. ஒருத்திக்குக் குழந்தை பிறந்ததும் சுற்றியிருப்பவர்கள் அவளுக்காக முடிவெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பாவம், அவளுக்குக் கஷ்டம் என்பார்கள், ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். முதலில் சினிமாவுக்குக் கூப்பிடுவது நிற்கும். அப்புறம் பயணம், அப்புறம் வீட்டு ஆலோசனை என்று ஒவ்வொன்றிலும் அவள் பெயர் விட்டுப்போகும். பொருள் கேட்கவும் உதவி கேட்கவும் மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதைக் கூடப்பிறந்தவளே செய்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன் நீ கொண்டாடும் நாட்களில், முதலில் அழைக்க வேண்டியவள் அவள். வருவதும் வராததும் அவள் இஷ்டம். அழைக்க வேண்டியது உன் கடமை.

அக்கா இருந்தால் தோழிகளுக்குச் சங்கடம், பேச்சு தடைப்படும் என்று நீ நினைத்திருக்கலாம். தோழிகளோடு மட்டும் போக ஆசைப்படுவது தப்பில்லை. அப்படியானால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்: "இது நாங்க ஃபிரெண்ட்ஸ் மட்டும் போறது அக்கா, உன்னோட தனியா ஒரு நாள் போறேன்." வருத்தப்பட்டாலும் புரிந்துகொள்வாள். பெட்டியை எடுத்துக் கொடுத்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்திருக்கும். தானாக வாய் திறந்து கேட்க அவளுக்குக் கௌரவம் இடம் கொடுத்திருக்காது.

சரி, பேக்கிங்குக்கு வருகிறேன். முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடு. இரண்டு இரவுக்கு அது தேவையே இல்லை. பெரிய சூட்கேஸ் காலியாகவே நான்கைந்து கிலோ இருக்கும். இடம் இருக்கிறது என்பதற்காகவே கண்டதையும் அடைப்பாய். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. அந்த 7 கிலோவுக்குள் உன் இரண்டு நாள் அடங்கிவிடும். போட்டோவுக்கு இரண்டு செட் எதற்கு? வெள்ளை உடை ஒன்று, டி-ஷர்ட் ஒன்று, நீச்சல் உடை, தூங்க ஒன்று, திரும்பி வர ஒன்று போதும். கனமான காலணியைப் போட்டுக்கொண்டு கிளம்பு. அக்காவின் ஹீல்ஸ் மணலில் புதையும், உன் காலுக்குப் பழகியதும் இல்லை. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு கால் கொப்புளத்தோடு வந்து நிற்காதே.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-அவருக்குள் இருக்கட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74 வாட்-அவர், அது போதும். ஒயர் உள்ள ஸ்டிரெய்ட்னரால் சிக்கல் இல்லை, ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்று போதும். அலங்காரப் பொருட்களில் பார்ட்டி பாப்பர், மத்தாப்பு, ஹீலியம் சிலிண்டர் எதுவும் விமானத்தில் ஏறாது. எந்தப் பெட்டியில் வைத்தாலும் பிடுங்கிவிடுவார்கள். காகிதத் தோரணமும் ஊதாத பலூனும் கொண்டுபோ. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் வாங்கு. வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், தண்ணீரில் இறங்கினால் ஏறியதும் மறுபடி பூசு. கைப்பையில் வைப்பதானால் 100 மில்லிக்கு மேல் போகாத டியூப் பாதுகாப்பு.

தோழியின் பம்ப்பைத் தாராளமாகக் கைப்பையில் கொண்டுபோகலாம். கண்டிப்பாகக் கொண்டுபோகவும் வேண்டும். இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வரலாம். எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள். விடுதி அறையில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று இப்போதே போன் செய்து கேள்.

அந்த மாத்திரையைத் தோழியிடமே கொடுத்துவிடு. ரத்தம் உறையும் பிரச்சினையோ கடுமையான ஒற்றைத் தலைவலியோ இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகலாம். உன் உடம்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? பொதுவாகத் தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டிய மருந்து அது, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். அடுத்த சுற்று கல்யாண நாளில் வந்து விழுமா என்பதையும் கணக்குப் போட வேண்டும். மருத்துவரைப் பார்க்காமல் தொடாதே. அவர் வேண்டாம் என்றால் நாப்கினோ கப்போ வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய் வா.

அக்காவிடம் நாளைக்கே போய்விடு. போனில் மெசேஜ் தட்டிவிடாதே, நேரில் போ. "நீயும் வர்றியா?" என்று ஒப்புக்குக் கேட்காமல், "நீ வரணும், குழந்தையை யார் பார்த்துக்கலாம்னு சொல்லு" என்று கேள். குழந்தையை விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை என்றால், கூட்டிக்கொண்டே வரலாமா என்று தோழிகளைக் கேட்டுவிட்டுப் போ. அவள் கணவர் லீவு போடவும் டிக்கெட் எடுக்கவும் நாள் வேண்டும். டி-ஷர்ட் அச்சுக்குப் போவதற்குள் அவள் அளவையும் சொல்லிவிடு.