புயலும் வறட்சியும் ஓய்ந்த பிறகும் காட்டு விலங்குகள் ஏன் குறைகின்றன?

ஓர் இடத்தில் வாழும் ஓரின விலங்குகளின் மொத்த எண்ணிக்கைதான் விலங்குத்தொகை. பேரிடர் அதை இரண்டு தடவை அடிக்கும். வெள்ளமும் காற்றும் நேரடியாகக் கொல்வது முதல் அடி. பிறகு வருவதுதான் நீண்டது: குடிக்கும் குளத்தில் உப்பு ஏறும், மேய்ச்சல் கருகும், மெலிந்த தாய் குட்டி ஈனாது.

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நெடுந்தீவைப் பாருங்கள். ஐரோப்பியர் ஆட்சிக்காலக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. சுற்றிவரக் கடல், ஆறு கிடையாது. கடும் வறட்சியில் குட்டைகள் வற்றினால் அவை செத்து விழுகின்றன. பெருநிலப்பரப்பில் இருக்கும் வன்னி யானை வேறு குளம் தேடி நடக்கும். இவை எங்கே போகும்? அந்த நேரத்தில் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பதைவிட அவசரமான வேலை இல்லை என்பேன்.

குறைந்த விலங்குத்தொகை மீள்வது மோட்டர் போட்டு இறைத்த கிணறு போலத்தான்: இறைக்க ஒரு மணி நேரம், நிறைவதோ ஊற்றின் வேகத்தில். எலி சீக்கிரம் பெருகிவிடும். குதிரை ஏறக்குறைய 11 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும்.

விலங்குகள் ஆபத்தை முன்பே அறிந்து தப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அறிந்தாலும், ஓட இடமில்லாத தீவில் வறட்சியிலிருந்து தப்ப முடியாது.