நின்றுவிடும் மனம்

அன்புள்ள சார்,

டோக்கியோ வந்து மூன்று வருடமாகிறது. ஷினகாவாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வயது 36. எனக்கு மனம் ஓய்வதே இல்லை. காலையில் மேலாளர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், இரவு 1 மணிக்குப் படுக்கையில் நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். சாமுராய் ஒழுங்கு என்று வரும் காணொளிகளைப் பார்த்து 4 மணிக்கு எழுந்தேன், குளிர்ந்த நீரில் குளித்தேன், அசையாமல் உட்கார்ந்தேன். 40 நாள் ஓடியது. ஒரு நாள் தவறியது, அதோடு விட்டுப்போயிற்று. இப்போது மனம் அலைவது பத்தாது என்று, அதை அடக்க முடியாதவன் என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது. நீங்கள் கென்டோ என்ற ஜப்பானிய வாள்பயிற்சி பயின்றதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். சாமுராய்கள் உண்மையிலேயே மனதைக் கட்டிப்போட்டார்களா? எப்படிக் கட்டிப்போட்டார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

'கட்டிப்போடுவது' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன் அந்தக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்தபிறகு, ஷிமாபரா கலகத்தை விட்டுவிட்டால், ஜப்பானில் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு பெரிய போரே கிடையாது. அந்தக் காலத்துச் சாமுராய்களில் பெரும்பாலானவர்கள் இடுப்பில் இரண்டு வாளோடு அலுவலகத்துக்குப் போய்வந்தவர்கள். கணக்கு எழுதினார்கள், ஓலை தயாரித்தார்கள், மேலதிகாரியின் முகம் பார்த்து நடந்துகொண்டார்கள். அவர்களிலும் எத்தனையோ பேர் பகலில் பட்ட சொல்லை இரவில் வீட்டுக்குச் சுமந்து போயிருப்பார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

யக்யூ முனெனோரி அப்படி ஒருவர். பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர், அதாவது ஷோகுன், ஹிதேதாதாவுக்கும் அவர் மகன் இயேமித்சுவுக்கும் வாள் கற்றுக்கொடுத்தவர், பிறகு 1632-ல் பிரபுக்களைக் கண்காணிக்கும் உயர்ந்த பதவிக்கு வந்தவர். அவருக்கு ரின்சாய் என்ற ஜென் பௌத்தப் பிரிவின் துறவி தகுவான் சோஹோ எழுதிய நீண்ட கடிதம் ஒன்று உண்டு. 'ஃபுதோசி ஷின்ம்யோரோகு' என்ற பெயரில் இன்றும் கென்டோ பயில்கிறவர்கள் படிக்கிறார்கள். 'ஃபுதோசி' என்றால் அசையாத அறிவு. பெயரைப் பார்த்துவிட்டு, மனதைக் கல்லாக்கச் சொல்லித்தரும் கடிதம் என்று நினைத்துத்தான் நானும் படிக்க எடுத்தேன்.

அவர் தொடக்கத்திலேயே அதை மறுத்துவிடுகிறார். அசையாமை என்றால் கல்லைப்போல, மரத்தைப்போல இருப்பதல்ல. முன்னே, பின்னே, இடம், வலம் என்று எல்லாப் பக்கமும் மனம் தாராளமாக ஓடலாம், ஓடுகிற ஓட்டத்தில் எதிலும் போய் நின்றுவிடாமல் இருந்தால் அதுதான் அசையாத மனம் என்கிறார். மனம் நின்றுபோவதைத்தான் அவர் நோய் என்று பார்க்கிறார். எதிராளியின் வாள் வருகிறது, உங்கள் மனம் அந்த வாளில் போய் நிற்கிறது, வெட்டு விழுகிறது. சரி, என் வாளிலேயே மனதை வைத்துக்கொள்கிறேன் என்றால் அங்கேயும் அது மாட்டிக்கொள்ளும். வெட்டுப்படக் கூடாது என்ற நினைப்பில் வைத்தாலும் மாட்டிக்கொள்ளும். ஆயிரம் கைக் கன்னோனை உதாரணமாகச் சொல்கிறார் (கருணையின் வடிவான நம் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர்தான் அங்கே கன்னோன்). வில் பிடித்த கையில் மனம் நின்றுவிட்டால் மீதி 999 கைகளும் இருந்தும் பயனில்லை, எதிலும் நிற்காததால்தான் ஆயிரம் கையும் வேலை செய்கின்றன.

இப்போது உங்கள் இரவு 1 மணியைப் பாருங்கள். மனம் ஓய்வதே இல்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ அது காலையில் கேட்ட அந்த ஒரே வார்த்தையிலேயே இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. முளைக்குச்சியில் கட்டிய மாடு சுற்றிச் சுற்றி வருகிறது, பார்க்கிறவருக்கு அது நடந்துகொண்டே இருக்கிறது. ஏற்கெனவே கட்டுப்பட்டுக் கிடக்கிற மாட்டுக்கு நீங்கள் 4 மணி, குளிர்ந்த நீர் என்று இன்னும் இரண்டு கயிறு தேடியிருக்கிறீர்கள்.

நான் கென்டோ பயின்றது ஆறு வருடம், அதுவும் முப்பது வயதுக்கு மேல் தொடங்கியது. பெரிய தேர்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் தகுவான் சொல்வது எனக்குப் புரிந்தது அந்த மரத்தரையில்தான். எழுபது வயது தாண்டிய ஆசிரியர் ஒருவரோடு பயிற்சி. அவருடைய ஷினாயின், அதாவது அந்த மூங்கில் வாளின், நுனி லேசாக அசையும், என் கண் அதோடு போகும், என் தலைக்கவசத்தில் அடி விழும். வாரக்கணக்கில் இதே கதை. தூரத்து மலையைப் பார்ப்பதுபோல எதிராளியை முழுதாகப் பார் என்பது அங்கே பழைய பாடம், கேட்டிருந்தேன், ஆனால் கண்ணுக்கு அது வரவில்லை. ஒருநாள் எப்படியோ அவர் மணிக்கட்டில் சரியாக ஒரு அடி போட்டுவிட்டேன். அந்த மகிழ்ச்சி அரை நொடி இருந்திருக்கும், அதற்குள் அடுத்த அடி என் தலையில். பயத்தில் மட்டும்தான் மனம் நிற்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன், சந்தோஷத்திலும் அதேபோல நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடித்த பிறகும் விழிப்பு கலையாமல் இருப்பதற்கு அவர்கள் 'ஸான்ஷின்' என்கிறார்கள். மிச்சமிருக்கும் மனம் என்று சொல்லலாம். அடிக்குப் பிறகு அது இல்லையென்றால் போட்டியில் அந்த அடிக்குப் புள்ளியே கிடையாது.

அப்படியானால் ஒழுங்கு எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கும் அந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. குருவிக்குஞ்சைப் பிடித்துவிட்டது என்று பூனையைக் கயிற்றில் கட்டி வைக்கிறோம். எப்போதும் கட்டியே வைத்திருந்தால் பூனை பூனையாக நடமாட முடியாது. குருவி பக்கத்தில் இருந்தாலும் பாயாத அளவுக்குப் பழக்கிவிட்டு அவிழ்த்துவிட வேண்டும். அலையும் மனதைத் தேடிப் பிடித்து வருவது தொடக்கத்தில் தேவைதான், அதை அவர் மறுக்கவில்லை. கயிறு ஒரு கட்டம்வரைதான், கடைசியில் அவிழ்ப்பதற்காகத்தான் கட்டுவதே. நீங்கள் பார்த்த காணொளிகளில் அவிழ்க்கிற பேச்சே வருவதில்லை, எனக்கு அவற்றின் மேல் உள்ள கோபம் அதுதான்.

முனெனோரியே 1632-ல் எழுதிய வாள்நூலில் நோய்களை அடுக்குகிறார். வெல்ல வேண்டும் என்றே நினைப்பது நோய், கற்ற வித்தையை எல்லாம் காட்ட நினைப்பது நோய், பாயவே நினைப்பது நோய், காத்திருக்கவே நினைப்பதும் நோய். கடைசியாக, இந்த நோய்களையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நினைப்பதும் நோய் என்கிறார். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோது எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் அந்த 40 நாள். வாள்வீரர் மியாமோதோ முசாஷி குமாமோதோ அருகே ரெய்கான்தோ குகையில் 1643-ல் எழுதத் தொடங்கிய நூலில், ஆயிரம் நாள் பயிற்சி உருவாக்கும், பத்தாயிரம் நாள் பயிற்சி மெருகேற்றும் என்கிறார். பத்தாயிரம் நாள் என்றால் 27 வருடத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் தவறிப்போன ஒரு நாளுக்கு என்ன இடம்? மறுநாள் உட்கார்ந்திருந்தால் முடிந்தது. நீங்கள் அந்த ஒரு நாளிலேயே நின்றுவிட்டீர்கள்.

4 மணியும் குளிர்ந்த நீரும் வேண்டாம். படுக்குமுன் பத்து நிமிடம் முதுகு நேராக உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம், பாதி திறந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பார்வை விழட்டும், சாஸென் என்ற ஜென் தியான அமர்வில் அப்படித்தான் செய்கிறார்கள். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நான்கிலேயே மேலாளர் வந்துவிடுவார். வரட்டும், அவரோடு வாதாடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை ஒன்றுக்கு வந்தீர்கள் என்றால் ஐம்பது தடவை மனதை அவிழ்த்திருக்கிறீர்கள். அவருக்கு உண்மையிலேயே சொல்ல வேண்டிய பதில் ஏதாவது இருந்தால் ஒரே ஒரு வரியாகத் தாளில் எழுதி வைத்துவிட்டுக் காலையில் நேரில் சொல்லுங்கள். இதெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நான் எழுதுவது போதாது.

தனியாக உட்காரச் சலிப்பாக இருந்தால், யோகோசுகா ரயில் தடத்தில் ஷினகாவாவிலிருந்து மாறாமல் கிதா-கமாகுரா போய்விடலாம். நிலையத்தை ஒட்டியே எங்காகுஜி மடம். மங்கோலியப் படையெடுப்பில் இறந்த இரு தரப்பு வீரர்களுக்காகவும் 1282-ல் எழுப்பியது. பொதுமக்களுக்குச் சாஸென் நடத்துகிறார்கள். கும்பலோடு உட்காரும்போது எழுந்து ஓடத் தோன்றாது.

தகுவான் வெறுமனே உபதேசம் செய்துவிட்டுப் போனவர் இல்லை. துறவிகளுக்கு ஊதா அங்கி வழங்கும் பேரரசரின் உரிமையில் ஷோகுன் அரசு தலையிட்டபோது எதிர்த்து எழுதினார், அதற்காக 1629-ல் வடக்கே காமினோயாமாவுக்கு நாடுகடத்தப்பட்டார். திரும்பி வந்தபிறகு இயேமித்சுவுக்கு நெருக்கமானார், ஷோகுனே அவருக்கு ஒரு மடம் கட்டிக்கொடுத்தார். முனெனோரிக்கு எழுதிய அதே கடிதத்தின் முடிவில், உனக்கு உன் 'நோ' நாடக நடனத்தின் மேல் கர்வம், பிரபுக்கள் வீட்டுக்கெல்லாம் வலியப் போய் ஆடிக்காட்டுகிறாய், இதுவும் நோய்தான் என்று நண்பரைத் திட்டவும் செய்கிறார். ஷோகுனின் வாள் ஆசிரியருக்கே திட்டு விழுந்திருக்கிறது ஆர், நீங்கள் ஒரு நாள் தவறியதற்கு இவ்வளவு நொந்துகொள்ள வேண்டாம்.

ஷோகுன் கட்டிக்கொடுத்த அந்த மடம், தோகாய்ஜி, உங்கள் ஷினகாவாவில்தான் இருக்கிறது. அதன் இடுகாடு சற்றுத் தள்ளி, ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும். தகுவானின் சமாதி மேல் ஒரு பெரிய கல், ஊறுகாய்ச் சாடி மேல் பாரம் வைப்பார்களே, அந்த மாதிரிக் கல். மதியச் சாப்பாட்டில் உங்களுக்கு வரும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்க்கு அவர் பெயர்தான் என்று அங்கே சொல்வார்கள். ஒரு மதிய இடைவேளையில் நடந்தே போய்விட்டு வாருங்கள். பக்கத்திலேயே ரயில்கள் போய்க்கொண்டிருக்கும், சத்தம் அதிகம், அதைப் பொருட்படுத்தாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்.